பரோலா

"ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கண்ணே" என்று மலர்க்குழுத் தம்பி மூன்று நாளாக என் பின்னாலேயே திரிந்தான். கவிதை வேண்டாமா என்று கேட்டேன். "கவிதை நாப்பத்திரெண்டு வந்திருக்குண்ணே, எல்லாமே நிலாதான்" என்று தலையில் கை வைத்துக்கொண்டான். அப்படியானால் விளக்கைப் பற்றி எழுதுகிறேன் என்று ஒத்துக்கொண்டேன்.

எங்கள் டிபார்ட்மென்ட் தவிர மற்றவர்களுக்கு என்னைத் தெரியாது. லேட்டரல் என்ட்ரி. உங்களையெல்லாம் விட ஐந்தாறு வயது மூத்தவன். ஐ.டி.ஐ. முடித்து, ஜி.பி. ரேட்டிங் கோர்ஸ் படித்து, ஒரு பழைய சரக்குக் கப்பலில் வைப்பராகப் போனேன். வைப்பர் என்றால் வேறொன்றுமில்லை, இன்ஜின் ரூமில் எண்ணெய் துடைக்கிறவன். ஒன்றேகால் வருஷம் துடைத்தேன். கப்பலில் போனவன் என்றதும் சிங்கப்பூர், துபாய் என்று கேட்பீர்கள். நான் அதிகம் பார்த்தது பில்ஜ் தண்ணீரும் கருப்பு எண்ணெயும்தான். ஆனால் ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஒரு தீவுக்குப் போய்வந்தேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

2023 ஏப்ரல். வியட்நாம் அரிசி ஏற்றிக்கொண்டு பிலிப்பைன்ஸில் இலோயிலோ துறைமுகத்துக்கு வந்திருந்தோம். மூட்டை மூட்டையாக இறக்க வேண்டும். நாலு தூறல் விழுந்தால் ஹேட்சை மூடிவிடுவார்கள். அரிசி நனையக்கூடாதே! அதனால் கப்பல் பத்து நாளைக்கு மேல் அங்கேயே கட்டிக் கிடந்தது. எங்கள் இன்ஜின் ரூம் ஆயிலர் ஒருவர், ஐம்பதைத் தாண்டிய ஆள், எதிரில் தெரிகிற தீவைக் காட்டி "அதுதான் என் ஊர்" என்றார். கிமராஸ். அது ஒரு தனித் தீவு மாகாணம். 1992 வரை இலோயிலோவின் ஒரு பிரிவாக இருந்து, அந்த வருஷம்தான் தனி மாகாணமானது. நடுவில் இருக்கிற கடலைப் படகில் கால் மணி நேரத்தில் தாண்டிவிடலாம். பத்து மாதம் கழித்து வீட்டுக்கு எதிரில் வந்து நின்று, ஷிப்ட் முடியட்டும் என்று காத்திருந்தார் மனிதர். நான் அவரை "மனோங்" என்று கூப்பிடுவேன். அவர்கள் பாஷையில் அண்ணன். அவர் என்னைத் "தோதோ" என்பார். தம்பி, சின்னப்பையன் என்கிற மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை ஷோர் பாஸ் வாங்கிக்கொண்டு என்னையும் அழைத்துப் போனார். படகு ஏறுகிற இடத்துக்குப் பேர் பரோலா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஜெயிலிலிருந்து பரோலில் வருகிறவர்கள் ஏறுகிற இடமா?" என்றேன். அவருக்கு முதலில் புரியவில்லை, புரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். கப்பலில் இருக்கிறவனுக்கு அது பொருத்தம்தானே! அப்புறம் விளக்கினார். பரோலா என்றால் கலங்கரை விளக்கம். ஸ்பானியர்கள் விட்டுப்போன வார்த்தை.

படகு என்றால் பம்ப் போட். நடுவில் ஒடுக்கமான மர உடம்பு, இரண்டு பக்கமும் மூங்கிலைக் கைமாதிரி நீட்டிக் கட்டியிருப்பார்கள். அலையில் புரளாமல் இருக்க அந்த மூங்கில்தான் துணை. தண்ணீர் இறைக்கிற பம்ப் இன்ஜினைப் போட்டு ஓட்டினதால் அந்தப் பேர் வந்ததாம். மெக்கானிக்கல் நண்பர்கள் பார்த்திருந்தால் இன்ஜின் மேலேயே உட்கார்ந்திருப்பீர்கள். எனக்கோ லைஃப் ஜாக்கெட் முடிச்சிலேயே கவனம். 2019 ஆகஸ்ட் 3-ஆம் தேதி இதே கடலில், ஒரே நாளில், திடீர்க் காற்றில் மூன்று படகுகள் கவிழ்ந்து 31 பேர் செத்துப்போனார்கள். மனோங் அதைப் பாதி வழியில் சொன்னார். கரை ஏறின பிறகு சொல்லியிருக்கலாம்!

அக்கரையில் ஜோர்டான் என்று எழுதியிருக்கும், ஹோர்தான் என்று படிக்க வேண்டும். இறங்கியதும் மாம்பழ வாசனை. அந்தத் தீவுக்கே மாம்பழம்தான் பேர். வெளியூர் மாம்பழத்தைத் தீவுக்குள்ளே கொண்டு போகக் கூடாது, அதில் இருக்கிற வண்டு பரவிவிடும் என்று தடை. நம்மூர் மல்கோவாவை மனதில் வைத்துக்கொண்டு, விட்டுக்கொடுக்கக் கூடாது என்று தின்றேன். விட்டுக்கொடுத்துவிட்டேன். அதைப் பற்றி மேலே பேச விரும்பவில்லை.

ஒரு சின்னச் செய்தி. 1903-இல் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் படித்து முடித்த கையோடு, இந்தத் தீவுக்கு ஒரு படகுத்துறை கட்ட ஓர் இளம் இன்ஜினியர் லெஃப்டினன்ட்டை அனுப்பினார்கள். அவர் பேர் டக்ளஸ் மெக்கார்தர். பின்னாளில் இரண்டாம் உலகப்போரில் பெரிய ஜெனரலானவர். ஃபர்ஸ்ட் போஸ்டிங் பட்டிக்காட்டில் கிடைத்தது என்று அழுகிறவர்கள் கவனிக்கவும்.

மனோங் வீடு தீவின் தென்மேற்குப் பக்கம், நுவேவா வலென்சியா. வீட்டில் சாப்பாடு, பேரக்குழந்தை, அழுகை, எல்லாம் ஆனபிறகு மூன்று மணி வாக்கில் "வா, என் தாத்தா வேலை பார்த்த இடத்தைக் காட்டுகிறேன்" என்று பைக்கை எடுத்தார். கிசி என்கிற கடற்கரை. அங்கே மேட்டில் ஏறினால் லுசாரான் முனை விளக்கு.

உண்மையைச் சொல்கிறேன், பார்த்ததும் ஏமாற்றம்தான். நான் காலண்டரில் வருகிற மாதிரி வெள்ளையும் சிவப்புமாய் பட்டை அடித்த கோபுரத்தை எதிர்பார்த்துப் போனேன். அங்கே நின்றது துருப்பிடித்த ஒரு பழைய இரும்புக் கோபுரம். உப்புக்காற்று தகடு தகடாய் உரித்திருக்கிறது. பக்கத்தில் விளக்குக்காரர்கள் குடியிருந்த கட்டடம், கூரை இல்லை, செங்கல் சுவரும் வாசல் வளைவும் மட்டும் மிச்சம். அறைக்குள்ளே புல் முளைத்துக் கிடக்கிறது. இரண்டுக்கும் பக்கத்தில், சோலார் பேனலோடு ஒரு புதுக் கோபுரம். ராத்திரி எரிவது அதுதான். துருப்பிடித்தது சும்மா நிற்கிறது.

ஆனால் அந்தச் சும்மா நிற்கிற இரும்புக்குள்ளே ஒரு கதை இருக்கிறது. ஸ்பானியர்கள் முந்நூறு வருஷத்துக்கு மேல் அந்த நாட்டை ஆண்டார்கள். 2016-இல் எண்ணிச் சொன்ன கணக்குப்படி 7,641 தீவுகள். இத்தனை தீவு, பாறை, திட்டு இருக்கிற கடலில் ஒழுங்காய் விளக்கு வைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியது ரொம்பத் தாமதமாகத்தான். மணிலாவில் பாசிக் ஆற்று முகத்தில் 1846-இல் ஒன்று, கொரெஹிடோர் தீவில் 1853-இல் ஒன்று. அப்புறம் 1857-இல் கடற்கரை முழுக்க விளக்கு வைக்க ஒரு மாஸ்டர் பிளான் போட்டார்கள். பிளான் போட்டதோடு சரி, முக்கால்வாசி வேலை நடந்தது கடைசி இருபது வருஷத்தில். வடக்குக் கோடியில் கேப் பொஹெயடோர் 1892, தென்மேற்கில் பலாவான் மாகாணத்துக் கடைக்கோடி பலாபாக் தீவில் கேப் மெல்வில், அதுவும் 1892. இந்தக் கிசி விளக்கும் அந்த 1890-களின் வேலைதான். இலோயிலோ துறைமுகத்தை வெளிநாட்டுக் கப்பல்களுக்கு 1855-இல் திறந்துவிட்டார்கள். பக்கத்து நீக்ரோஸ் தீவுச் சர்க்கரை அந்த வழியாகத்தான் உலகத்துக்குப் போனது. சர்க்கரைக்கு வந்த கப்பலுக்கு வழிகாட்டத்தான் விளக்கு.

கட்டி முடித்து எத்தனை வருஷம் ஆண்டார்கள் தெரியுமா? 1898 டிசம்பரில் பாரிஸ் ஒப்பந்தம். இரண்டு கோடி டாலருக்கு நாட்டையே அமெரிக்காவுக்குக் கைமாற்றினார்கள். விளக்குகளும் சேர்ந்தே போயின. வீடு கட்டி கிரகப்பிரவேசம் பண்ணின கையோடு விற்ற மாதிரி! ஆனால் விளக்குக்கு முதலாளி யாராக இருந்தால் என்ன, சாயங்காலம் ஆனால் ஏற்ற வேண்டியதுதானே.

ஏற்றினவர்களில் ஒருவருக்கு மண்ணெண்ணெய் டின் சுமந்தவர்தான் மனோங்கின் தாத்தா. கீழே கடற்கரையில் இறக்கிய டின்னைத் தோளில் வைத்து மேடேறி, அந்த வளைந்த படியில் உச்சி வரைக்கும் கொண்டு போவாராம். கண்ணாடியை வினிகர் போட்டுத் துடைப்பதும் அவர் வேலையாம். கைரேகை பட்டால் தலைமை விளக்குக்காரர் காதைத் திருகுவாராம். வளர்ந்த ஆளுக்கு!

கண்ணாடி என்றதும் ஜன்னல் கண்ணாடி என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் காலத்துப் பெரிய விளக்குகளில் இருந்தது ஃபிரெனெல் லென்ஸ். பிசிக்ஸில் பேர் படித்திருப்போம், இரண்டு மார்க் கேள்வியோடு மறந்திருப்போம். ஒரு பெரிய குவிலென்ஸை அப்படியே வார்த்தால் எடை தாங்காது, ஒளியையும் பாதி விழுங்கிவிடும். வளைவு மட்டும் போதும், நடுவில் இருக்கிற தடிமன் தேவையில்லை என்று, லென்ஸை வளையம் வளையமாகச் சீவி, பட்டகங்களாக அடுக்கினார் ஃபிரெனெல். உள்ளே இருப்பது ஒரு மண்ணெண்ணெய்ச் சுடர். வெளியே போவதோ மைல் கணக்கில் தெரிகிற கற்றை. 1823-இல் பிரான்ஸில் கோர்துவான் விளக்கில் வைத்துக் காட்டினார். அவருடைய உத்தியோகம் என்ன தெரியுமா? ரோடு போடுகிற அரசாங்க இன்ஜினியர். சிவில் டிபார்ட்மென்ட் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். பாவம், 39 வயதில் காசநோயில் போய்விட்டார்.

லென்ஸ் சுற்ற வேண்டுமே, கரண்ட் ஏது? சுவர்க்கடிகாரம் மாதிரிதான். கோபுரத்து நடுவில் கயிற்றில் ஒரு எடைக்கல். அது இறங்க இறங்கப் பல்சக்கரம் சுற்றும், லென்ஸ் திரும்பும். கல் அடிமட்டத்துக்கு வந்துவிட்டால் மறுபடி சாவி கொடுத்து ஏற்ற வேண்டும். டன் கணக்கு எடையுள்ள பெரிய லென்ஸைப் பாதரசத் தொட்டியில் மிதக்கவிட்டார்கள். விரலால் தள்ளினால் நகருமாம். ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு தாளம் உண்டு. இத்தனை செகண்டுக்கு இத்தனை மினுக்கு என்று. அதை எண்ணித்தான் மாலுமி "இது இன்ன முனை" என்று கண்டுபிடிப்பான். சாவி கொடுக்கிறவன் தூங்கிவிட்டால் தாளம் தப்பும். தாளம் தப்பினால் கப்பலுக்கு வேறு ஊர் மாதிரித் தெரியும். ராத்திரிக்கு எத்தனை தரம் எழுந்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே அந்தக் கூரையில்லாத அறையில் நின்றேன்.

இங்கேதான் எனக்கு எங்கப்பா ஞாபகம் வந்தது.

எங்கப்பா எங்கள் பேரூராட்சியில் தெருவிளக்குப் போடுகிறவர். தினக்கூலி. ஊரில் பதினோரு இடத்தில் சுவிட்சுப் பெட்டி. சாயங்காலம் ஆறு மணிக்குச் சைக்கிளில் கிளம்பி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போவார். விடியக்காலம் அதே சுற்று, அணைத்துக்கொண்டே வருவார். முப்பது வருஷத்துக்கு மேல். எங்கள் வீட்டில் கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் ஆறு மணிக்கு அப்பா இருக்க மாட்டார். சின்ன வயதில் பையன்கள் என்னை "லைட்டு மவன்" என்று கூப்பிடுவான்கள். எனக்கு அது பிடிக்காது. கப்பலுக்குப் போனதே அந்தப் பேரை விட்டு ஓடத்தான் என்று இப்போது தோன்றுகிறது. ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடி, கடைசியில் எங்கே போய் நின்றேன் பார்த்தீர்களா!

மனோங்கிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "உன் அப்பாவும் பரோலாக்காரர்தான்" என்றார். பழைய கோபுரத்தைத் தட்டினார். கையில் துரு ஒட்டியது, பேண்ட்டில் துடைத்துக்கொண்டார். தாத்தாவுக்குப் பிறகு அவர் வீட்டில் யாருக்கும் விளக்கு வேலை இல்லை. மீன், மாம்பழத் தோட்டக் கூலி, அப்புறம் கப்பல். 2006 ஆகஸ்ட் 11-ஆம் தேதி இருபது லட்சம் லிட்டருக்கு மேல் எண்ணெய் ஏற்றின ஒரு டாங்கர் தீவுக்குத் தெற்கே புயல் கடலில் மூழ்கியது. அதன் பேர் சோலார் 1. இந்தக் கரையெல்லாம் கருப்பாகிவிட்டது. மீன்பிடி நின்றது. அந்த வருஷம்தான் அவர் கப்பலுக்கு மனுப் போட்டாராம். "எண்ணெய் எங்களைத் துரத்தியது, நான் எண்ணெய் துடைக்கவே வந்துவிட்டேன்" என்று சிரித்தார். எனக்குச் சிரிக்கத் தெரியவில்லை.

கப்பல் கிளம்பினது ஒரு ராத்திரி. வாட்ச் முடிந்து டெக்குக்கு வந்தோம். இடது பக்கம் இருட்டில் கிமராஸ். அந்த முனையில் விளக்கு மினுக்கியது. நான் அதைப் பார்த்தேன், மனோங் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிக்னல் இருக்கிற வரைக்கும் வீட்டோடு பேச வேண்டுமே. ஒவ்வொரு கம்பியாகக் குறைந்து, பேச்சு அறுந்ததும்தான் தலையை நிமிர்த்தினார். அப்போது விளக்கு இன்னும் தெரிந்துகொண்டிருந்தது.

சரி, இந்தக் கதைக்கும் நம் பாலிடெக்னிக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஊருக்கு வந்து, டிப்ளமோ சேர்ந்து, இந்த வருஷம் ஃபைனல் இயர் புராஜெக்ட். எங்கள் பேட்ச் எடுத்தது என்ன தெரியுமா? ஆட்டோமேட்டிக் தெருவிளக்கு! எல்.டி.ஆர்., டிரான்சிஸ்டர், ரிலே. வருஷா வருஷம் யாராவது செய்கிற புராஜெக்ட்தான், மார்க் உறுதி. கைடு சார் "சும்மா தெர்மாகோல்ல ரோடு போட்டுக் காட்டாதீங்கப்பா, நிஜக் கம்பத்துல மாட்டிக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டார். நண்பர்கள் உற்சாகமாக "உங்க ஊர்லயே மாட்டலாம்ணே, உங்க அப்பா இருக்காருல்ல" என்றான்கள். எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. அது வேலை செய்தால் பதினோரு சுவிட்சுப் பெட்டிக்கும் சைக்கிள் தேவையில்லை. மாட்டுவது யார்? லைட்டு மவன்.

இதற்காகப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. எல்.டி.ஆருக்குப் பாட்டனே ஒரு கலங்கரை விளக்கத்துச் சாமான். ஸ்வீடன்காரர் குஸ்தாஃப் தாலேன் கண்டுபிடித்த சூரிய வால்வு. கறுப்புப் பூசிய ஒரு தண்டு, சுற்றிலும் பளபளவென்று மெருகிட்ட தண்டுகள். வெயில் வந்தால் கறுப்புத் தண்டு அதிகமாய்ச் சூடேறி நீளும், அசிட்டிலின் கேஸ் வால்வை மூடும். பொழுது சாய்ந்தால் சுருங்கித் திறக்கும். கரண்ட் கிடையாது, எலக்ட்ரானிக்ஸ் கிடையாது, ஆள் கிடையாது! 1912-இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கொடுத்தார்கள். அதே வருஷம் அசிட்டிலின் வெடித்து அவருக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. பரிசு விழாவுக்கு அவருக்குப் பதில் அவர் அண்ணன் தம்பிகளில் ஒருவர் போனார். அவர் கண் டாக்டர். தாலேன் பார்வையில்லாமலே 1937-இல் சாகிற வரைக்கும் கம்பெனியை நடத்தினார், நடுவில் 1922-இல் ஒரு சமையல் அடுப்பும் கண்டுபிடித்தார். உலகத்தின் எத்தனை முனையில் எத்தனை விளக்குக்காரர்களை அந்த வால்வு வீட்டுக்கு அனுப்பியிருக்கும்! அதே சமயம், எத்தனை பேரைப் புயலில் அநாதைப் பாறையில் ராத்திரி முழுக்க உட்காரவிடாமல் காப்பாற்றியும் இருக்கும். நான் இரண்டையும் மாற்றி மாற்றிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விடை வரவில்லை. அரியர்.

அப்பாவிடம் சொல்லாமலேயே ஒரு வாரம் ஓட்டினேன். கடைசியில் சொன்னபோது அவர் சோறு தின்றுகொண்டிருந்தார். "எந்தக் கம்பத்துலலே மாட்டப் போற?" என்றுமட்டும் கேட்டார். மறுநாள் அவரே ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கோயில் முக்குக் கம்பம். சாயங்காலம் இருட்ட ஆரம்பித்ததும் லைட் எரிந்தது. நாங்கள் நால்வரும் கைதட்டினோம். அடுத்த நொடி அணைந்தது. மறுபடி எரிந்தது. அணைந்தது. ரிலே டக் டக் டக் என்று பல்லி மாதிரிக் கத்துகிறது. தெருவில் போகிறவர்கள் நின்று வேடிக்கை. ஒரு பாட்டி "சினிமா கொட்டாயா போட்டிருக்கீய?" என்று கேட்டாள். நாங்கள் சர்க்யூட்டை விரித்து வைத்துக்கொண்டு கபாசிட்டர் மதிப்பைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

அப்பா கம்பத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். "ஏலே, ஒன் கண்ணு அது போடுற வெளிச்சத்தையே பாத்துக்கிட்டு இருக்கு. விடிஞ்சிட்டுன்னு நெனச்சி அணைக்கி. இருட்டுனதும் மறுபடி போடுது" என்றார்.

அவ்வளவுதான் விஷயம்! ஏறிப்போய் எல்.டி.ஆரை வானத்தைப் பார்க்கத் திருப்பி, ஒரு பி.வி.சி. பைப் துண்டைச் சொருகி மறைத்தார். டக் டக் நின்றது. லைட் நின்று எரிந்தது. எக்ஸ்டர்னலில் நல்ல மார்க். ரெக்கார்டில் "சென்சார் ஷீல்டிங்" என்று எழுதியிருக்கிறோம். யார் சொன்னது என்று எழுத அதில் காலம் இல்லை.

பேரூராட்சியில் அந்தக் கம்பத்தைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மற்ற இடங்களுக்கும் எஸ்டிமேட் கேட்டிருப்பதாகப் பேச்சு. வருமா வராதா தெரியாது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. போன வாரம் வீட்டில் இருந்தேன். ஆறு மணிக்குச் சைக்கிளை எடுத்தார். நானும் பின்னால் உட்கார்ந்துகொண்டேன், பத்துப் பெட்டியையும் போட்டோம். கோயில் முக்கில் போட வேண்டியது ஒன்றும் இல்லை. ஆனாலும் சைக்கிளை நிறுத்தினார். இரண்டு நிமிஷம் நின்றோம். லைட் தானாக எரிந்தது. "ம்" என்றார். மிதித்தார்.

— மூன்றாம் ஆண்டு, மின்னியல் துறை